டிராம் வண்டியை நிறுத்திய காற்று

சென்னையில் 1895ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953ஆம் ஆண்டில் ஓய்ந்தது. தில்லியில் 1963இலும் பம்பாயில் 1964இலும் அது விடைபெற்றது. நெடுங்காலம் நிலைத்திருந்த கொல்கத்தாவிலும், ஒரு சிறு பாரம்பரியத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நிறுத்திவிடப் போவதாக 2024ஆம் ஆண்டில் மாநில அரசு அறிவித்தது. இவ்வூர்களில் குடியேறி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் டிராமைப் பற்றிப் பேச்செழுந்தால், ஓட்டுநர் காலால் மிதித்து எழுப்பிய மணியோசையையும் கண்டக்டரின் தோற்பையையும் முதியோர் நினைவுகூர்வர். வண்டி எவ்வாறு ஓடிற்று என்று கேட்டால், மின்சாரத்தால் என்று உடனே விடை வரும். எவ்வாறு நின்றது என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

டிராமின் தாயகங்களுள் ஒன்றான அமெரிக்காவில் அக்கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நூறாண்டு பழமையான மின்சார வண்டிகளைக் குப்பைமேட்டிலிருந்தும் கோழிக்கொட்டகையிலிருந்தும் மீட்டு, மீண்டும் தண்டவாளத்தில் ஓடச்செய்யும் தொண்டர்கள் அவர்கள். மரவேலையும் வர்ணவேலையும் வருவோர் கண்ணில் படும். வண்டியின் அடிவயிற்றில் மறைந்து கிடக்கும் காற்றுப் பிரேக்கின் உறுப்புகளைப் பழுதுபார்க்கும் வேலையை எவரும் பார்ப்பதில்லை. ஆயினும், மீட்கப்பட்ட ஒரு வண்டியில் பொய் சொல்ல இடமில்லாத பகுதி அது ஒன்றே. தேக்கு மரத்துக்குப் பதிலாக வேறு மரத்தை வைத்து வர்ணம் பூசிவிடலாம். பிரேக்கில் அவ்வாறு செய்தால் அடுத்த நிறுத்தத்திலேயே உண்மை வெளிப்பட்டுவிடும்.

பிரேக் என்னும் சொல்லைத் 'தடுப்பு' என்றும் 'நிறுத்தி' என்றும் பெயர்த்து எழுதுவோர் உளர். இரயில்வேயில் பணிபுரிந்த தமிழர் எவரும் அவ்வாறு சொல்லி நான் கேட்டதில்லை. எனவே ஈண்டும் பிரேக் என்றே எழுதப்படுகிறது.

காற்றால் வண்டியை நிறுத்தலாம் என்னும் எண்ணத்துக்கு உருக்கொடுத்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதற்கான காப்புரிமையை அவர் பெற்றபோது அவருக்கு வயது 22. அதுவரை இரயில் பெட்டிகளில் ஆட்கள் நின்று, எஞ்சினின் ஊதல் கேட்டதும் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின்மேல் அழுத்துவர். ஆல்ப்ஸ் மலையில் சுரங்கம் குடையும் கருவிகளை நெடுந்தொலைவிலிருந்து குழாய்வழியே வந்த காற்று இயக்குவதாக ஒரு சஞ்சிகையில் படித்த செய்தியே இளைஞர் வெஸ்டிங்ஹவுஸுக்குத் தூண்டுதலாயிற்று என்பர். எஞ்சினில் காற்றை அமுக்கிக் கலத்தில் சேமித்தார். ஓட்டுநர் வால்வைத் திறந்ததும் அக்காற்று குழாய்வழியே ஒவ்வொரு பெட்டியின் உருளைக்குள்ளும் புகுந்து பிஸ்டனைத் தள்ளிற்று. பிஸ்டன் நெம்புகோல்களை இழுக்க, கட்டைகள் சக்கரத்தைப் பற்றின. இதனை நேர்க்காற்றுப் பிரேக் என்று சொல்லலாம்.

எளிமையான ஏற்பாடு. ஆனால் குழாய் அறுந்தாலோ பெட்டி கழன்றாலோ காற்று வெளியேறிவிடும். பிரேக் என்று ஒன்று இராது. ஆபத்து வரும் வேளையிலேயே கைவிட்டுவிடும் பாதுகாப்பு அது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே வெஸ்டிங்ஹவுஸ் அதனைத் தலைகீழாக்கினார். குழாயில் எப்போதும் அழுத்தம் நிறைந்திருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் தனிக் காற்றுக்கலமும் 'டிரிபிள் வால்வு' என்னும் ஒரு நுண்கருவியும் இருக்கும். குழாயின் அழுத்தம் குறைந்தால் அவ்வால்வு திரும்பிப் பெட்டியின் சொந்தக் காற்றை உருளைக்குள் செலுத்திப் பிரேக்கைப் பிடிக்கும். குழாய் அறுந்தால் வண்டி தானே நிற்கும். இதுவே தானியங்கிப் பிரேக். இவ்வேறுபாட்டின் விலை என்ன என்பதை 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கருகே நேர்ந்த விபத்து காட்டிற்று. ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகள் சென்ற உல்லாச வண்டி ஏற்றத்தில் நின்றுவிட, அதனை இரண்டாகப் பிரித்தனர். பிரித்ததும் பின்பாதிக்குப் பிரேக் இல்லாமற் போயிற்று. அது சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியின்மீது மோதிற்று. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அங்கிருந்தது வெற்றிடப் பிரேக். ஆனால் தானியங்கி அன்று. அவ்வாண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணி வண்டிகளுக்குத் தானியங்கிப் பிரேக்கைச் சட்டமாக்கியது.

இத்தனைக்கும் பிறகு, மின்சார டிராம்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது பழைய நேர்க்காற்றுப் பிரேக்கையே என்பது வியப்பளிக்கலாம். காரணம் உண்டு. டிராம் என்பது ஒற்றை வண்டி. கழன்றுபோகப் பின்பெட்டி இல்லை, குழாயும் நீளமில்லை. மேலும், நகர வீதியில் சில நூறு அடிக்கு ஒருமுறை நின்று நின்று செல்லும் வண்டிக்கு, சிறிது பிடித்துச் சிறிது தளர்த்தி நயமாகக் கையாளக்கூடிய பிரேக் வேண்டும். அக்காலத் தானியங்கிப் பிரேக்கில் பிடிப்பைப் படிப்படியாகக் கூட்டலாம். படிப்படியாகத் தளர்த்த இயலாது. நேர்க்காற்றில் இரண்டும் கைகூடும். பின்னர் ஓரிரு தொடர்வண்டிகளை இழுக்கும் நிலை வந்தபோது, நேர்க்காற்றோடு ஓர் அவசரக் குழாயையும் சேர்த்து இரு முறைகளின் நன்மைகளையும் இணைத்தனர்.

1888ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரில் பிராங்க் ஸ்பிரேக் தம் மின்சார டிராம்களை வெற்றியுடன் ஓட்டிக் காட்டியபோது வண்டிகள் சிறியவை. ஓட்டுநரின் கைவலிமையே பிரேக். வளைந்த கைப்பிடியைச் சுற்றினால் சங்கிலி இறுகும். வண்டிகள் நீண்டு கனத்தபோது மனிதக் கை போதாதாயிற்று. நீராவி எஞ்சினில் காற்றமுக்கியை இயக்க நீராவி இருந்தது. டிராமில் நீராவி ஏது? கூரைமேல் ஓடும் கம்பியிலிருந்து வரும் 600 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறிய கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. அத்துறையில் முன்னின்றவர்களுள் ஒருவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1865இல் டென்மார்க்கில் பிறந்து, 1891இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, மில்வாக்கி நகரில் தொழில் நடத்தியவர். அவருடைய டிராம் பிரேக் நன்றாக விற்றது. அதன் உரிமைகளோ வழக்குகளிலும் நிறுவன மாற்றங்களிலும் கைமாறி, முடிவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தைச் சென்றடைந்தன. பிழைக்க வந்த நாட்டில் அறிவால் ஈட்டியதைப் பெரிய நிறுவனங்களிடம் இழந்தவர் அவர். அவரிடம் மறுபடியும் வருவோம்.

பிரேக்கைப் பழுதுபார்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதை ஆண்ட கையின் இயல்பை. 1878ஆம் ஆண்டு தொடங்கி டக்ளஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர், வெஸ்டிங்ஹவுஸின் துணையோடு, இங்கிலாந்தின் பிரைட்டன் இரயில்பாதையில் செய்த சோதனைகள் ஓர் எதிர்பாராத உண்மையை வெளிக்கொணர்ந்தன. இரும்புக் கட்டை சக்கரத்தைப் பற்றும் உராய்வு எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வேகம் மிகுந்திருக்கையில் குறைவாகவும், வேகம் தணியத் தணிய மிகுதியாகவும் இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் வண்டியை நிறுத்தும் ஆற்றல் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தும் விடுகிறது. ஆகவே தேர்ந்த டிராம் ஓட்டுநர் தொடக்கத்தில் மிகுதியான காற்றைச் செலுத்துவார். வண்டி தளரத் தளரச் சிறிது சிறிதாக வெளியே விடுவார். வண்டி நிற்கும் கணத்தில் உருளையில் காற்று ஏறக்குறைய இராது. தொடங்கிய அழுத்தத்தையே இறுதிவரை பிடித்திருந்தால் நின்றுகொண்டிருக்கும் பயணியர் முன்னே சாய்வர். சக்கரம் வழுக்கித் தேய்ந்து ஒருபுறம் தட்டையாகி, அதன்பின் செல்லுமிடமெல்லாம் 'தடக், தடக்' என்று பறைசாற்றும்.

இக்கைவேலைக்கு உரிய கருவி ஓட்டுநரின் வால்வு. அதன் கைப்பிடிக்கு மூன்று முக்கிய நிலைகள்: காற்றை உருளைக்குள் விடுவது, வெளியே விடுவது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூடுநிலை. மூடுநிலையில் காற்று உள்ளும் போகாது, வெளியும் வராது. உள்ளே இருப்பது இருந்தபடி இருக்கும். ஓட்டுநரின் கலை முழுவதும் அந்த நடுநிலையை நம்பியே நடக்கிறது. வால்வு கசிந்தால் நடுநிலை பொய்த்துப்போகும். தான் பிடித்த பிரேக் தானே தளரும், அல்லது தளர்த்திய பிரேக் தானே ஏறும். பழுதுபார்ப்பவருக்கு உயிர்நிலை இதுவே.

அவ்வால்வைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெண்கல முகம் ஒன்று, அது அமரும் இருக்கை ஒன்று. இரண்டிலும் காற்று செல்லும் துளைகள். ஒன்று மற்றொன்றின்மேல் வழுக்கித் திரும்பித் துளைகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிறது. இடையில் இரப்பர் இல்லை, தோல் இல்லை. உலோகத்தோடு உலோகம் பொருந்தும் சமநிலையே காற்றைத் தடுக்கிறது. பல்லாண்டு தூசியும் துருவும் இடையில் புகுந்து, கைப்பிடி திரும்பிய பாதையிலேயே வில்வடிவக் கீறல்களை இட்டிருக்கும். இதனைச் சரிசெய்ய எந்திரத்தில் கடைந்தால் போதாது. சமதளமான இரும்புப் பலகையில் நீலச்சாயம் பூசி, வால்வின் முகத்தை அதன்மேல் மெல்ல வைத்தெடுத்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேடுகளை நுண்ணிய அரைபசையால் தேய்த்து, மீண்டும் வைத்துப் பார்த்து, முகம் முழுவதும் ஒரே சீராக நீலம் ஏறும்வரை தொடர வேண்டும். பிறகு வால்வையும் இருக்கையையும் ஒன்றோடொன்று வைத்து, எட்டின் வடிவத்தில் கையைச் சுழற்றித் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு மிகையாகத் தேய்த்தால் துளைகளின் விளிம்பு மழுங்கிவிடும். நூறாண்டு தேய்மானம் செய்யாத கேட்டை ஒரு பிற்பகல் செய்துவிடும். நம் ஊர் மோட்டார்ப் பட்டறைகளில் எஞ்சின் வால்வுகளைக் கையால் அரைத்துப் பொருத்திய மெக்கானிக்குகளுக்கு இவ்வேலையின் பொறுமை விளங்கும்.

அடுத்தது கம்ப்ரஸர். கவர்னர் என்னும் ஒரு தானியங்கிச் சாவி அதனை ஆள்கிறது. கலத்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 பவுண்டுக்கு இறங்கினால் மின்சாரத்தை இணைக்கும். 65, 70 பவுண்டுக்கு ஏறினால் துண்டிக்கும். டிராம் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென அடியில் எழுந்து சிறிது நேரம் முனகி அடங்கும் ஓசை இதனுடையதே. காற்றை அமுக்கினால் அது சூடேறும். சூடான காற்று குழாயில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராகிக் கலத்தின் அடியில் தேங்கும். அந்நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் கலம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், குளிர்நாட்டில் வால்வுக்குள் பனிக்கட்டியாக உறையும். கம்ப்ரஸரின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெயும் காற்றோடு கலந்து சென்று, போகும் வழியெல்லாம் பிசினாக ஒட்டிக்கொள்ளும். கைவிடப்பட்ட வண்டியின் குழாயைத் திறப்பவர் முதலிற் காண்பது துருவும் எண்ணெயும் குழைந்த இக்கருஞ்சேற்றைத்தான். காற்று உட்புகும் வடிகட்டியில் அந்நாளில் சுருட்டிய விலங்குமயிரை அடைத்திருப்பர். அதுவும் பொடிந்து உதிர்ந்திருக்கும். மோட்டாரின் சுருளைப் புதிதாகச் சுற்றுதல், தாங்கிகளுக்கு வெள்ளுலோகம் உருக்கி வார்த்தல் என இதற்குரிய வேலைகள் பல. அவை எல்லாப் பழைய மோட்டார்களுக்கும் பொதுவானவை.

காற்றுக்கலத்தைச் சோதிக்கும் முறை மட்டும் சொல்லத்தக்கது. வெளியே வழவழப்பாகத் தெரியும் கலம் உள்ளே காகிதம்போல் மெலிந்திருக்கக்கூடும். காற்றை நிரப்பிச் சோதித்தால், அது வெடிக்கும்போது குண்டுபோல் வெடிக்கும். எனவே நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவர். நீர் அமுங்குவதில்லை, ஆகையால் ஆற்றலைத் தேக்கி வைப்பதுமில்லை. கலம் பிளந்தாலும் நீர் பீச்சியடித்து நின்றுவிடும்.

இனிப் பிரேக் உருளை. இங்கேதான் தோல் வருகிறது. உருளைக்குள் ஓடும் பிஸ்டனின் தலையில் கிண்ணவடிவத் தோல் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். காற்று உள்ளே புகும்போது கிண்ணத்தின் விளிம்பை விரித்து உருளையின் சுவரோடு அழுத்தும். காற்று வலுக்க வலுக்க அடைப்பும் வலுக்கும். இதை விளக்க வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டுச் சைக்கிள் பம்பின் தோல் வாஷர் இதே வேலையைத்தான் செய்தது. கோடை விடுமுறை முழுதும் மூலையில் கிடந்த பம்பை எடுத்து அடித்தால் காற்று ஏறாது. வாஷரைக் கழற்றித் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து விளிம்பை விரலால் விரித்து மாட்டினால் மறுபடியும் ஏறும். டிராமின் தோலுக்கும் அதே நோய், அதே மருந்து. ஓடிக்கொண்டிருந்தவரை எண்ணெய்ப் பசையோடு இளகியிருந்த தோல், வண்டி நின்ற பின் உலர்ந்து சுருங்கி வெடித்துவிடும். வெடிக்காததாயின், மாட்டின் கால் எலும்பிலிருந்து காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஊறவைத்து மீட்பர். வெடித்துவிட்டதாயின், புதுத் தோலை நனைத்து, அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக்க வேண்டும். அல்லது செயற்கை இரப்பரில் வார்த்த கிண்ணத்தைப் பொருத்த வேண்டும்.

இந்த 'அல்லது' என்னும் சொல்லில் ஒரு பெரிய வழக்கே அடங்கியுள்ளது. இரப்பர் நீடித்து உழைக்கும், உலராது, மழையும் வெயிலும் அதற்கு ஒன்றே. ஆயினும் 1905இல் செய்த உருளைக்குள் 2005இன் இரப்பரை வைத்தால் அது 1905இன் பிரேக்தானா என்று கேட்போர் உளர். என் கருத்து இதுதான்: வண்டியில் மனிதர் ஏறுகின்றனர் என்றால் இவ்வழக்கில் வாதாடும் உரிமை அவர்களுக்கே முதலில். இரப்பரை வைத்துக்கொள்ளலாம், கழற்றிய தோலையும் அதன் அளவுகளையும் குறித்து, பெட்டியிலிட்டுப் பாதுகாத்தால் வரலாறு தொலைந்துபோகாது. குறிப்பெழுதாமல் மாற்றுவதே குற்றம்.

கிறிஸ்டென்சனிடம் மீண்டும் வருவோம் என்றோம் அல்லவா? பிரேக் உரிமைகளை இழந்த அவர் வாளாவிருக்கவில்லை. முதுமையில், வட்டக் குறுக்குவெட்டு கொண்ட எளிய இரப்பர் வளையம் ஒன்றைத் தகுந்த காடியில் அமர்த்தினால் ஓடும் பிஸ்டனிலும் கசிவின்றி அடைக்கும் என்று கண்டார். 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்றார். விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72. இன்று உலகெங்கும் 'ஓ' வளையம் என வழங்குவது அதுவே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு அவ்வுரிமையை எடுத்துக்கொண்டு எல்லா உற்பத்தியாளருக்கும் திறந்துவிட்டது. அவருக்குக் கிடைத்தது 75,000 டாலர். 1952இல் அவர் மறைந்தார். 1971இல் வழக்கின் முடிவாக அவருடைய வாரிசுகளுக்கு மேலும் 1,00,000 டாலர் வழங்கப்பட்டது. டிராமுக்குக் காற்றைக் கொணர்ந்த அவரே தோலுக்கு ஓய்வளிக்கும் வளையத்தையும் கண்டார். பழைய வால்வின் தண்டு ஒன்றில் 'ஓ' வளையத்தை மாட்டும் பழுதுபார்ப்பவர், வெளியார் பொருளைப் புகுத்துகிறார் என்று நான் சொல்லத் துணியேன்.

காற்று, நிறுத்துவதோடு நின்றுவிடவில்லை. சார்லஸ் பர்னி என்னும் பொறியாளர் 1910களின் நடுவில் வடிவமைத்த சிறிய 'பாதுகாப்பு வண்டி'யில் கண்டக்டர் இல்லை, ஓட்டுநர் ஒருவரே. அவர் மயங்கி விழுந்தால்? கைப்பிடியின்மேல் அவர் கையழுத்தம் நீங்கியதும் மின்சாரம் அறுபடும். காற்றுப் பிரேக் பிடிக்கும். தண்டவாளத்தில் மணல் கொட்டும். கதவு கையால் தள்ளித் திறக்கும் நிலைக்கு வரும். அத்தனையும் காற்றின் வேலை. ஒருவர் வேலையைப் பறித்துத்தான் இப்பாதுகாப்பு வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இவ்வகை வண்டிகள் 6,000க்கு மேல் செய்யப்பட்டன. கொலராடோ மாநிலத்து போர்ட் காலின்ஸ் நகரில் 1951இல் நின்றுபோன பர்னி வண்டிகளுள் 21ஆம் எண் வண்டியைத் தொண்டர்கள் பழுதுபார்த்து 1984ஆம் ஆண்டு முதல் மறுபடியும் ஓட்டத் தொடங்கினர்.

பேருந்தும் சொந்தக் காரும் பெருகியபின் அமெரிக்க டிராம்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. மரவண்டிகளைத் தீயிட்டுக் கொளுத்தி, எஞ்சிய உலோகத்தைப் பொறுக்கி எடைக்கு விற்றனர். 1939இல் மெயின் மாநிலத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து, பிட்டபோர்டு-சாக்கோ தடத்தின் 31ஆம் எண் திறந்த டிராமை 150 டாலருக்கு வாங்கினர். அதுவே கென்னபங்க்போர்ட்டிலுள்ள சீஷோர் டிராலி அருங்காட்சியகத்தின் தொடக்கம். பிறகு பல ஊர்களில் இத்தகைய அமைப்புகள் எழுந்தன. தீக்குத் தப்பியவற்றுள் பல, சக்கரமும் மோட்டாரும் பிரேக்கும் கழற்றப்பட்ட வெறும் கூடுகள். வீடாகவும் உணவுக்கடையாகவும் தோட்டத்துக் கிடங்காகவும் காலங்கழித்தவை. அத்தகைய கூட்டை மீட்பவர் ஒரு வால்வுக்கும் ஒரு கம்ப்ரஸருக்கும் நாடெங்கும் அலைய வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் பழைய எஞ்சினையோ டிராமையோ காப்பது என்றால் அலுவலக வாயிலில் வர்ணம் பூசி நிறுத்திவைப்பது என்றே பெரும்பாலும் பொருள். நிற்கும் வண்டிக்குப் பிரேக் தேவையில்லை. ஆகவே முதலிற் களவு போவதும் மறதியில் போவதும் பிரேக்கின் உறுப்புகளே. கொல்கத்தாவின் டிராம்களில் எவை எஞ்சினாலும், அவற்றைப் பழுதுபார்த்த கைகளின் அறிவை எழுதிவைப்பார் உண்டா என்னும் கவலை எனக்கு உண்டு.

அருங்காட்சியகத்தில் அன்றி, அன்றாடப் பணியிலேயே பழைய வண்டிகளை வைத்திருக்கும் நகரமும் ஒன்றுண்டு. நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் சார்லஸ் தடத்தில் 1923-24இல் பெர்லி தாமஸ் நிறுவனம் கட்டிய பச்சை வண்டிகள் ஓடுகின்றன. 1964இல் கேனல் வீதித் தடம் மூடப்பட்டபோது 35 வண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டனர். உறுப்புகளை விற்பார் இல்லாத நிலையில் நகரப் பட்டறையே அவற்றைச் செய்தும் செப்பனிட்டும் வந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வெள்ளம் வந்தபோது, கேனல் தடத்துக்காகப் புதிதாகக் கட்டிய 24 சிவப்பு வண்டிகள் நீரில் மூழ்கி மின்னுறுப்புகள் பாழாயின. மேட்டுப்பகுதிக் கொட்டகையில் இருந்த பச்சை வண்டிகள் பிழைத்தன; அவ்வாண்டு டிசம்பரிலேயே கேனல் வீதிக்குச் சென்று ஓடின. பழமை வென்றது என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. அது சரியன்று. காத்தது மேட்டு நிலம். ஆனால் மறுநாளே ஓட்டத்தக்க நிலையில் அவை இருந்தன என்றால், எண்பதாண்டுகளாக வால்வை அரைத்து வந்த பட்டறையே அதற்குக் காரணம்.

மேட்டு நிலம் வாய்க்காத இடத்தில் என்ன ஆகும் என்பதைக் கனெக்டிகட் மாநிலம் ஈஸ்ட் ஹேவனில் உள்ள ஷோர் லைன் டிராலி அருங்காட்சியகம் கண்டது. உப்புச் சதுப்பை அடுத்த அவ்விடத்தில் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலும் 2012 அக்டோபரில் சாண்டி புயலும் கடல்நீரைக் கொட்டகைகளுக்குள் கொணர்ந்தன. வண்டிகளின் மேற்பாகம் நனையவில்லை; இருக்கையும் வர்ணமும் அப்படியே இருந்தன. நீரில் நின்றவை அடியிலிருந்த மோட்டார்களும் கம்ப்ரஸர்களும். உப்பு நீர் சுருளின் காப்புக்குள் ஊறினால் உலர்த்துவதால் மட்டும் போகாது. நன்னீரில் கழுவி, சூட்டில் உலர்த்தி, காப்பின் தாங்குதிறனை அளந்து, தேறாதவற்றைப் புதிதாகச் சுற்ற வேண்டும். தாங்கியில் புகுந்த உப்பு, எண்ணெயோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். ஓராண்டு இடைவெளியில் இருமுறை வந்த வெள்ளத்துக்குப் பின் உயரமான கொட்டகைகள் எழுந்தன. வண்டிகள் ஒவ்வொன்றாகப் பணிக்குத் திரும்பின.

உறுப்புகளெல்லாம் தனித்தனியே தேறியபின் வண்டியில் பொருத்திச் செய்யும் சோதனை எளியது. கலத்தை நிரப்பி, கம்ப்ரஸரை நிறுத்தி, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முள் இறங்கினால் கசிவு. இணைப்புதோறும் சோப்புநீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பிரேக்கைப் பிடித்து மூடுநிலையில் விட்டு, பிஸ்டன் எத்தனை அங்குலம் வெளியே வருகிறது என்று அளப்பார்கள். கட்டை தேய்ந்திருந்தால் அது நீளும், நெம்புகோலைச் சரிசெய்ய வேண்டும். முதல் ஓட்டத்தில் பயணியர் இல்லை. கைப்பிரேக்கின் அருகே ஒருவர் நிற்பார். நேர்க்காற்று மட்டுமே உள்ள வண்டியாயின் குழாய் அறுந்தால் அவர் கையன்றி வேறு துணையில்லை. மிஞ்சிப் போனால் மோட்டாரைப் பின்னோக்கித் திருப்பலாம். மெல்ல ஓட்டி, பிடித்து, தளர்த்தி, மீண்டும் பிடித்துப் பார்ப்பார்கள்.

தேறிவிட்டால், அமெரிக்க இரயில்வே வழக்கப்படி உருளையின்மேல் வெள்ளை வர்ணத்தில், துப்புரவு செய்து எண்ணெயிட்டுச் சோதித்த நாளையும் இடத்தையும் எழுத்தச்சு வைத்துப் பொறிப்பர். பழைய தேதி ஒன்று துருவுக்கடியில் மங்கித் தெரிந்தால் சிலர் அதை அழிக்காமல் அதனருகில் புதிய தேதியை எழுதுகின்றனர். 1930களின் தேதி ஒன்றும் இந்நூற்றாண்டின் தேதி ஒன்றும் அருகருகே இருக்கும். அவற்றிடையே வேறு எழுத்து எதுவும் இராது.